பாடும்பறவைகளின் சொந்தபந்தம்: மரபணு வழியாகச் சில பதில்கள்

கேள்வி: தகைவிலானும் (ஸ்வாலோ) உழவாரனும் (ஸ்விஃப்ட்) அச்சு அசலாக ஒரே மாதிரி பறக்கின்றன. சொந்தம்தானே?

இல்லை. தகைவிலான் பாடும்பறவை. உழவாரனுக்கு நெருங்கிய உறவு ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்). பறந்தபடியே பூச்சி பிடிக்கும் பிழைப்புதான் இரண்டுக்கும் ஒரே மாதிரிச் சிறகைத் தந்தது.

கேள்வி: பாடும்பறவைகளின் தாய்வீடு ஆஸ்திரேலியா என்கிறார்களே, எப்படித் தெரிந்தது?

எனக்கு மிகவும் பிடித்த கதை இது, விரிவாகவே சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஐரோப்பியர்கள் அங்கிருந்த சிறு பறவைகளுக்கு ராபின், ரென் என்று தங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள். வகைப்பாட்டிலும் அவை அந்தந்த ஐரோப்பியக் குடும்பங்களுக்குள் போயின. 1970, 80களில் அமெரிக்கப் பறவையியலாளர்கள் சார்லஸ் சிப்லியும் ஜான் ஆல்குவிஸ்டும் இரண்டு பறவைகளின் டிஎன்ஏ இழைகளை ஒட்டவைத்துச் சூடாக்கினார்கள். உறவு நெருங்க நெருங்க, இழைகள் பிரிய அதிக வெப்பம் வேண்டும். ஆஸ்திரேலியப் பறவைகளில் பல, ஐரோப்பியப் பறவைகளைவிடத் தங்களுக்குள்தான் நெருக்கம் என்று தெரிந்தது.

ஆனால் பாடும்பறவைகளை அவர்கள் இரண்டு பெருங்கிளைகளாகப் பிரித்தது நிற்கவில்லை. 2000க்குப் பிறகு மரபணு எழுத்துகளை நேரடியாகப் படித்தபோது, முதலில் பிரிந்த கிளை ஆஸ்திரேலியாவின் யாழ்ப்பறவையுடையது (லைர்பேர்ட்) என்று தெரிந்தது. அடுத்தடுத்துப் பிரிந்த பழைய கிளைகளும் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூகினிப் பக்கமே இருக்கின்றன. அடிக்கிளைகள் அங்கே என்றால் வம்ச மரம் முளைத்ததும் அங்கேதான். மற்ற கண்டங்களின் பாடும்பறவைகள் எல்லாம் அங்கிருந்து கிளம்பியவற்றின் வாரிசுகள்.

கேள்வி: காகமும் பாடும்பறவையா?

ஆமாம். குரல் இனிமையை யாரும் பார்ப்பதில்லை. குரலுறுப்பின் அமைப்பும் வம்சமும்தான் கணக்கு.

கேள்வி: செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு மரபணு போதுமா, வம்ச மரம் வரைய?

போதாது. அது தாய்வழி மட்டுமே வருவது. வட அமெரிக்காவின் பொன்சிறகு, நீலச்சிறகுக் கதிர்க்குருவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மைட்டோகாண்ட்ரியாவில் சுமார் 3 சதவீத வேறுபாடு. முழு மரபணுத்தொகுதியைப் படித்தால் தெளிவாக வேறுபடுபவை ஆறே பகுதிகள்! அவையும் பெரும்பாலும் நிறம் சார்ந்தவை.

கேள்வி: தேன்சிட்டும் ஓசனிச்சிட்டும் சொந்தமா?

இல்லை. உழவாரன் பதிலைப் பாருங்கள். அதே காரணம், இங்கே பூந்தேன் குடிக்கும் பிழைப்பு.

கேள்வி: ஆறு பகுதி என்றால் இரண்டையும் ஒரே இனமாக்கிவிடலாமே? ஐரோப்பாவின் கருங்காகத்தையும் சாம்பல் காகத்தையும் ஏன் பிரித்து வைக்க வேண்டும்?

காகங்களைச் சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன். மரபணு வேறுபாடு 1 சதவீதம்கூட இல்லை, உண்மைதான். ஆனால் இரண்டும் கலக்கும் நிலப்பட்டை குறுகலாகவே இருக்கிறது. தன் நிறத்துணையையே தேடுவதால் கலப்பு பரவுவதில்லை.

கேள்வி: அப்படியானால் வடக்குப் பகுதிகளின் ரெட்போல் என்ற சிறு பறவைகளை மட்டும் ஏன் சேர்த்தார்கள்? நிறம் அங்கேயும் வேறுதானே?

நல்ல மறுப்பு. 2024ல் அமெரிக்கப் பறவையியல் சங்கம் அவற்றை ஒரே இனமாக்கியது. அங்கே தோற்ற வேறுபாட்டைத் தருவது ஒரு குரோமோசோமில் தலைகீழாகத் திரும்பிய ஒரு பெரிய துண்டு. மீதி மரபணுத்தொகுதி தடையின்றிக் கலக்கிறது. காகங்களிடம் தடை இருக்கிறது, ரெட்போல்களிடம் இல்லை. சதவீதத்தை விட்டுவிட்டு, யார் யாரோடு இணைகிறது என்று பாருங்கள்.

கேள்வி: காக மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பார்த்தால்...

வேண்டாம். மேலே சொல்லிவிட்டேன், தாய்வழி மட்டும்.

கேள்வி: ஒரு இறகு கிடைத்தது, என்ன பறவை?

அது என் துறை இல்லை. இறகு அடையாளம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.