வியர்க்கும் காஸ்டிங்குக்கு எந்த டெஸ்ட்?

கேள்வி: கோவை கணபதியில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்புக்கான கிரே அயர்ன் (சாதாரண வார்ப்பிரும்பு) கேஸிங்கை, அதாவது வெளிக்கூட்டை, மெஷினிங் செய்து கொடுக்கிறோம். எல்லாம் முடித்துத் தண்ணீர் பிரஷர் போட்டால் சில பீஸ் வியர்க்கிறது, அதாவது சுவர் வழியாகத் தண்ணீர் கசிகிறது. உடனே டை பெனட்ரன்ட் (வெடிப்புக்குள் ஊறி அதைக் காட்டும் மை) அடித்தாலும் ஒன்றும் தெரிவதில்லை. அல்ட்ராசானிக் போகலாமா, எக்ஸ்ரேயா?

பதில்: மை மேல் தப்பில்லைங்க, வரிசைதான் தப்பு. ஓட்டைக்குள் தண்ணீர் போய் உட்கார்ந்த பிறகு மைக்கு அங்கே இடம் ஏது? மை முதலில், தண்ணீர் பிறகு. ஏற்கெனவே நனைந்த பீஸ் என்றால் நன்றாகச் சூடுகாட்டி உலர்த்தி, ஆறவிட்டு அடியுங்கள். ஷாட் பிளாஸ்ட் செய்த பரப்பிலும் கவனம் வேண்டும்; குண்டுகள் அடித்த அடியில் சின்ன வெடிப்பின் வாய் மூடிக்கொள்ளும். மை குறைந்தது 10 நிமிடம் ஊறட்டும். கிளீனரைத் துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும். நேராகப் பீய்ச்சினால் ஓட்டைக்குள் இருக்கிற மையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

இவ்வளவு செய்தாலும், மேலே வாய் திறந்த குறை மட்டுமே மையில் தெரியும். வார்ப்பின் மேல்தோல் கெட்டியாக இருக்கும். நீங்கள் அதைச் சீவிய பிறகுதான் உள்ளே இருக்கும் துளைகளுக்கு வழி திறக்கிறது. அதனால் ரஃப் கட் முடிந்ததுமே ஒருமுறை பிரஷர் போட்டுவிடுங்கள். ஃபினிஷிங் கூலியாவது மிஞ்சும்.

அல்ட்ராசானிக் இங்கே வேண்டாம். கிரே அயர்னில் கிராஃபைட் செதில் செதிலாகக் கிடக்கும். அது ஒலியைச் சிதறடித்துவிடும். வளைந்த, மெல்லிய கேஸிங்கில் திரை முழுக்கப் புல் முளைத்த மாதிரிதான் தெரியும். கிராஃபைட் உருண்டை உருண்டையாக இருக்கும் எஸ்ஜி அயர்ன் கதை வேறு. அதில் ஒலி நொடிக்குச் சுமார் 5,600 மீட்டர் ஓடும். வேகம் குறைந்தால் கிராஃபைட் சரியாக உருண்டையாகவில்லை என்று சந்தேகப்படலாம்.

எக்ஸ்ரே உள்ளே இருப்பதைக் காட்டும். ஆனால் ஒவ்வொரு பீஸுக்கும் எடுத்தால் உங்கள் கூலி அதற்கே போய்விடும். ஒரு பேட்டர்னுக்கு (வார்ப்பு மாதிரிக்கு) இரண்டு மூன்று போதும். எக்ஸ்ரேக்குப் பதில் காமா கதிரால் படம் எடுக்க இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளைக் கொண்டு வருகிறவர்களிடம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். படம் எடுக்கும் நேரத்தில் பட்டறையில் ஆள் நிற்கக் கூடாது.

அதற்கும் முன்னால், உடைக்காமல் பார்க்கும் வழி கேட்டவரிடம் இதைச் சொல்வது வேடிக்கைதான்: வியர்த்த பீஸ் ஒன்றை அந்த இடத்திலேயே அறுத்துப் பாருங்கள். துளையின் உள்சுவர் வழவழப்பாக உருண்டிருந்தால் பெரும்பாலும் காற்றுக் குமிழி; அச்சு மண்ணின் ஈரத்தையும், வாயு வெளியேறும் வென்ட்டையும் பவுண்டரியில் பார்க்கச் சொல்லலாம். சொரசொரவென்று கிளை கிளையாக இருந்தால் ஷ்ரிங்கேஜ், அதாவது உலோகம் உறையும்போது சுருங்கி விழுந்த துளை. சுருக்கத்தை ஈடுகட்ட உருகிய உலோகம் ஊட்டும் ரைசரை மாற்ற வேண்டும். அறுத்த துண்டை பவுண்டரிக்காரர் மேஜையில் வைத்துப் பேசுங்கள்.