இத்தாலிக்குக் கடன் வாங்கிப் போகலாமா?

கேள்வி: மாநில அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். வயது 62, மனைவிக்கு 58. ஓய்வூதியத்திலேயே குடும்பச் செலவு நடந்துவிடுகிறது. ஒன்றரை ஆண்டுக்கு முன் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் ரூபாய் போட்டேன். 8.2 சதவீத வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேமிப்புக் கணக்கில் சேர்கிறது. அந்தக் கணக்கில் இப்போது 4 லட்சம் இருக்கிறது. இத்தாலியைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் நெடுநாள் ஆசை. மே மாதக் குழு டூருக்கு ஏஜென்ட் ஆளுக்கு 3.1 லட்சம் கேட்கிறார். இந்த வாரமே 50,000 முன்பணம் வேண்டுமாம். எங்களுக்கோ ரயிலிலும் பஸ்ஸிலும் நாங்களே போகத்தான் விருப்பம். மொழி தெரியாத ஊரில் செலவு எகிறிவிடுமோ என்ற பயம்தான் தடுக்கிறது. குறையும் 2.2 லட்சத்துக்கு 13 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுத் தனிநபர் கடன் எடுக்கலாமா? டெபாசிட்டை உடைக்கலாமா? ரயில் பாஸ் வாங்கினால் லாபமா? மனைவிக்கு மூட்டுவலி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: கடனும் வேண்டாம், டெபாசிட்டிலும் கை வைக்க வேண்டாம். மே மாதத்தை மட்டும் விட்டுக்கொடுங்கள். உங்கள் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இல்லை. அப்படியிருக்க, கோடை விடுமுறைக் கூட்டத்தோடு சேர்ந்து விமானம் ஏறி, ரோமிலும் வெனிஸிலும் ஆண்டின் உச்ச வாடகை கொடுத்து அறை எடுக்க உங்களுக்கு என்ன அவசியம்? மே என்பது ஏஜென்ட்டின் வசதி. உங்களுக்கு உகந்தது நவம்பர்.

முதலில் டெபாசிட். இந்தத் திட்டத்தில் வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. கணக்கையே மூடியாக வேண்டும். ஓராண்டு முடிந்து இரண்டு ஆண்டு நிறைவதற்குள் மூடினால் போட்ட தொகையில் 1.5 சதவீதம் பிடிப்பார்கள். 2.2 லட்சம் தேவை என்பதற்காக 15 லட்சத்துக்கும் அபராதம், அதாவது 22,500 ரூபாய். மீதிப் பணத்தைத் திரும்பப் போடும்போது அன்றைக்கு என்ன வட்டியோ அதுதான் கிடைக்கும்.

அடுத்தது கடன். நீங்கள் சொன்ன கணக்குப்படி மாதத் தவணை ஏறக்குறைய 7,400 ரூபாய். மூன்று ஆண்டில் வட்டி மட்டும் சுமார் 47,000 ரூபாய். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். விசா விண்ணப்பத்தோடு வங்கிக் கணக்கு விவரமும் கொடுக்க வேண்டும். அதில் திடீரென்று வந்து விழுந்த பெரிய தொகை ஒன்று இருந்தால், அதுவும் கேள்விக்கு இடம் கொடுக்கும்.

இனி நவம்பர் கணக்கு. 15 லட்சத்துக்கு 8.2 சதவீதம் என்றால் காலாண்டுக்கு 30,750 ரூபாய். ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று மூன்று முறை வட்டி சேர்ந்தால் 92,250. கையிலிருக்கும் 4 லட்சத்தோடு சேர்த்து 4,92,250 ரூபாய். இதற்குள் பதினொரு இரவுப் பயணம் முடியுமா என்று பார்த்துவிடலாம். யூரோவுக்கு 110 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்; மாற்று விலை நகர்ந்தால் அதற்கேற்ப நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

வழியை இப்படி வகுக்கலாம். விமானத்தில் வெனிஸில் இறங்கி, ரோமிலிருந்து வீடு திரும்ப வேண்டும். இறங்கும் ஊரும் ஏறும் ஊரும் ஒன்றாக இருந்தால் அதற்காகவே ஒரு நாளும் ஒரு நீண்ட ரயில் பயணமும் வீணாகும். வெனிஸில் இரண்டு இரவு, ஃப்ளோரன்ஸில் மூன்று, நேப்பிள்ஸில் இரண்டு, கடைசியாக ரோமில் நான்கு. ரோமைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கும். முன்னறிவிப்போடுதான் நடக்கும் என்றாலும் நடக்கும். விமானம் ஏறும் நாளில் வேறு ஊரிலிருந்து ரயிலில் வருவதாகத் திட்டமிட்டு, அன்று ரயில் ஓடாமல் போனால், புது விமான டிக்கெட்டின் விலை உங்கள் சிக்கனம் முழுவதையும் விழுங்கிவிடும்.

இந்த வழியில் நீண்ட தூரம் போக வேண்டியது மூன்றே முறை. வெனிஸிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு இரண்டேகால் மணி நேரம். அங்கிருந்து நேப்பிள்ஸுக்குச் சுமார் மூன்று மணி நேரம். நேப்பிள்ஸிலிருந்து ரோமுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இந்த அதிவேகப் பாதைகளில் அரசு நிறுவனமான ட்ரெனிதாலியாவின் ஃப்ரெச்சாரோஸா ரயில்களும், 2012 முதல் ஓடும் இத்தாலோ என்ற தனியார் ரயில்களும் போட்டி போடுகின்றன. இரண்டிலும் டிக்கெட் விலை விமானக் கட்டணம்போல நாளாக ஆக ஏறும். முன்கூட்டி எடுத்தால் ஒரு பயணம் பெரும்பாலும் 20 முதல் 35 யூரோவுக்குள் அடங்கும். நிலையத்துக்குப் போய் அன்றைக்கே எடுத்தால் அதைப்போல இரண்டு மடங்கும் கேட்பார்கள், அதற்கு மேலும் கேட்பார்கள். இருவருக்கும் சேர்த்து மூன்று பயணத்துக்கு 180 யூரோ, அதாவது 19,800 ரூபாய் ஒதுக்குங்கள். மிக மலிவான டிக்கெட்டுகளை மாற்றவோ திருப்பவோ முடியாது. வாங்கும் முன் நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

ரயில் பாஸ் உங்களுக்கு லாபமில்லை. மூன்றே நீண்ட பயணங்களுக்குப் பாஸ் வாங்குவது வீண். பாஸ் வைத்திருந்தாலும் அதிவேக ரயிலில் ஒவ்வொரு முறையும் இருக்கைக்குத் தனியாக முன்பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதை விற்கிறவர்கள் முதல் வரியில் சொல்வதில்லை.

வட்டார ரயில்களின் கதையே வேறு. ஃப்ளோரன்ஸிலிருந்து பீசாவுக்கு ஒரு மணி நேரம், லூக்காவுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். இவற்றில் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. இரண்டு மாதம் முன்னால் எடுத்தாலும் ரயில் ஏறும்போது எடுத்தாலும் ஒரே விலைதான். எனவே இந்த டிக்கெட்டுகளை முன்கூட்டி வாங்காதீர்கள். காலையில் எழுந்து வானத்தையும் மனைவியின் முழங்காலையும் பார்த்து முடிவு செய்யலாம். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடை அருகே உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். கைபேசி டிக்கெட் என்றால் ஏறும் முன் அதிலேயே செக்-இன் செய்ய வேண்டும். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே அபராதம் கட்டுகிற வெளிநாட்டுப் பயணிகளில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள்.

நகரங்களுக்குள் என்று பார்த்தால், பணம் பறக்கும் ஊர் வெனிஸ்தான். அங்கே பஸ்ஸுக்குப் பதில் படகு. 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, 48 மணி நேரப் பாஸ் 35 யூரோ. நல்ல கால் உள்ளவர்களிடம் நடந்தே பாருங்கள் என்று சொல்வேன். ஆனால் வெனிஸில் பாலம் என்றால் படிக்கட்டு. உங்கள் மனைவிக்காக இந்தப் பாஸ் வாங்குவது வீண் செலவாகாது. தங்குவதைத் தீவுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம். கடலுக்கு இப்பால் உள்ள மெஸ்த்ரேயில், ரயில் நிலையத்தை ஒட்டி அறை எடுத்தால் வாடகை குறையும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலம் ஏறவும் வேண்டாம். அங்கிருந்து தீவிலுள்ள சாந்தா லூச்சியா நிலையத்துக்கு ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். சில குறிப்பிட்ட நாள்களில் ஒருநாள் பயணிகளிடம் வெனிஸ் நகராட்சி நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. மெஸ்த்ரேயும் அதே நகராட்சிதான் என்பதால், அங்கே இரவு தங்குபவர்களுக்கு அது கிடையாது.

ரோமில் ஒரு டிக்கெட் ஒன்றரை யூரோ, 100 நிமிடம் செல்லும். மெட்ரோ வாயிலில் வங்கிக் கார்டையே தொட்டு உள்ளே போகலாம், ஆனால் ஒருவருக்கு ஒரு கார்டு வேண்டும். ஒரே கார்டில் இருவர் போக முடியாது. ஃபியுமிச்சினோ விமான நிலையத்துக்கு ரோமின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினியிலிருந்து போகும் லியனார்டோ எக்ஸ்பிரஸ் 14 யூரோ. ட்ராஸ்டேவரே, ஒஸ்தியென்ஸே பக்கம் தங்கினால் அங்கிருந்து 8 யூரோ சாதாரண ரயிலே விமான நிலையத்துக்குப் போகிறது. நேப்பிள்ஸிலிருந்து, எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய நகரமான பொம்பேயிக்குப் போகும் சிர்கும்வெசுவியானா ரயில் மலிவானது, பழையது, நெரிசலானது. பணத்தை உள்பையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். படகு, பஸ், மெட்ரோ, வட்டார ரயில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 250 யூரோ, அதாவது 27,500 ரூபாய் போதும்.

ஆக, இத்தாலிக்குள் நீங்கள் இருவரும் ஏறி இறங்கும் எல்லாவற்றுக்கும் 47,300 ரூபாய். கடன் வாங்கியிருந்தால் கட்டியிருக்க வேண்டிய வட்டியும் ஏறக்குறைய அதே தொகைதான். எகிறிவிடுமோ என்று நீங்கள் அஞ்சுகிற செலவு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்த அச்சத்துக்குத்தான் ஏஜென்ட் விலை போடுகிறார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விமானத்துக்கு இருவருக்கும் 1,30,000. விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. அதோடு விசா மையத்தின் சேவைக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து இருவருக்கும் 30,000. அறை வாடகை இரவுக்கு 100 யூரோ வீதம் 1,21,000. நுழைவுச் சீட்டுகளுக்கு 24,200. கொலோசியம் 18 யூரோ. வாட்டிகன் அருங்காட்சியகம் இணைய முன்பதிவோடு 25. அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். அரசு அருங்காட்சியகங்களில் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்தான். ஆனால் கொலோசியத்தின் இலவச வரிசையில் மூட்டுவலிக்காரரை நிறுத்துவது சிக்கனத்தில் சேராது. சாப்பாட்டுக்கு நாளுக்கு 50 யூரோ வீதம் பன்னிரண்டு நாளுக்கு 66,000. காப்பியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. உணவகத்தில் உட்கார்ந்ததற்கே தலைக்கு இவ்வளவு என்று பில்லில் சேர்ப்பதும் உண்டு. ரோமில் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம், தெருக் குழாய்களில் நல்ல குடிநீர் ஓடிக்கொண்டேயிருக்கும்.

பலர் மறந்துபோவது நகர வரி. விடுதியில் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள். இணையத்தில் நீங்கள் கட்டிய வாடகையில் பெரும்பாலும் அது அடங்காது. ரோமில் மூன்று நட்சத்திர ஓட்டலில் ஆளுக்கு 6 யூரோ. சராசரியாக 5 யூரோ என்று வைத்தாலும் பதினொரு இரவுக்கு இருவருக்கும் 12,100 ரூபாய். எல்லாம் கூட்டினால் 4,30,600. எதிர்பாராத செலவுக்கு 40,000 சேர்த்தால் 4,70,600. உங்கள் 4,92,250-க்குள் அடங்கிவிடுகிறது, கொஞ்சம் மீதியும் இருக்கிறது.

நவம்பருக்கும் குறை உண்டு. மழை வரும், மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வெனிஸில் கடல் பொங்கி நடைபாதையில் ஏறும் பருவமும் அதுதான். 2020 முதல் இயங்கும் கடல் தடுப்புகள் பெரிய வெள்ளத்தைத் தடுக்கின்றன என்றாலும் சிறு ஏற்றத்தில் தாழ்ந்த இடங்கள் நனையும். குடையும் நல்ல காலணியும் வாங்க ஆகும் செலவு, மே மாதக் கூடுதல் செலவுக்கு முன் ஒன்றுமில்லை.

காரியங்களின் வரிசை முக்கியம். இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஜூலையில் விண்ணப்பித்துவிடுங்கள், அறைகளை ரத்து செய்யக்கூடிய வகையில் மட்டும் பதிவு செய்யுங்கள். விசா கைக்கு வந்த பிறகு அதிவேக ரயில் டிக்கெட் எடுங்கள். இரண்டு மாத இடைவெளி இருந்தாலே மலிவு விலை பெரும்பாலும் கிடைக்கும். காப்பீட்டில் மருத்துவப் பாதுகாப்பு குறைந்தது 30,000 யூரோ இருக்க வேண்டும். மூட்டுவலியையும், சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் அவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் அங்கே மருத்துவமனைச் செலவு உங்கள் தலையில் விழலாம்.

பணத்தை ஃபாரெக்ஸ் கார்டில் யூரோவாக இரண்டு மூன்று தவணையாக ஏற்றுங்கள். சாதாரண கிரெடிட் கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் வரை போகும். அதன்மேல் ஜிஎஸ்டி வேறு. ஒரு லட்சம் செலவழித்தால் நாலாயிரத்துக்கு மேல் அதிலேயே போய்விடும். கடையில் கார்டு இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். நீங்களாகச் செலவழிக்கும் தொகை ஓராண்டில் 10 லட்சத்தைத் தாண்டாதவரை டிசிஎஸ் (பணம் கட்டும்போதே வசூலிக்கும் வரி) பிடித்தம் கிடையாது. டூர் பேக்கேஜுக்கோ முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம்; ஆனாலும் அதுவரை உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும்.

இந்த வாரம் 50,000 முன்பணம் கட்ட வேண்டாம். இதையெல்லாம் படித்த பிறகும் உங்கள் மனைவி குழுவோடுதான் வருவேன் என்றால் அதில் தவறில்லை, பெட்டி தூக்க ஆள் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அப்போதும் நவம்பர் குழுவையே கேளுங்கள். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள், நகர வரியும் நுழைவுச் சீட்டும் விலையில் அடங்குமா, விடுதிகள் ஊர் நடுவிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.