ஒரு புவியியல் ஆசிரியர் சிறந்தவர் என்று எதை வைத்துச் சொல்வது?

கேள்வி: எங்கள் பள்ளியில் புவியியல் எடுக்கும் ஆசிரியரை நல்லாசிரியர் விருதுக்குப் பரிந்துரைக்க நினைக்கிறோம். அவர் சிறந்தவர் என்று எதை வைத்துக் காட்டுவது? என்ன மாதிரிக் கற்பித்தல் பொருட்களை இணைக்க வேண்டும்?

நீங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலோ முன்னாள் மாணவர் சங்கத்திலோ இருப்பவராக இருக்க வேண்டும். அந்த ஆசிரியர் தானாக வந்து "எனக்கு விருது வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்டிருக்க மாட்டார். 2018 முதல் தேசிய விருதுக்கு ஆசிரியர்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனாலும் நன்றாக வேலை செய்கிறவர்களில் பலருக்குத் தன்னைப் பற்றித் தானே எழுதக் கூச்சம். அதனால் நீங்கள் செய்ய நினைப்பது நல்ல காரியம்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் அரசுப் பள்ளிகளில் புவியியல் எடுத்து ஓய்வு பெற்றவள். ஒருமுறை சக ஆசிரியர்கள் வற்புறுத்தியதால் நானும் விண்ணப்பித்தேன். விருது கிடைக்கவில்லை. இனி எழுதப்போவதை அந்த வயிற்றெரிச்சல் என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும். விருது வாங்கியவர்களில் எனக்குத் தெரிந்த பலர் அதற்கு முழுத் தகுதி உள்ளவர்கள். என் மனக்குறை வேறு. என் கோப்பைப் பார்க்க வந்தவர்கள் எத்தனை மரக்கன்று நட்டீர்கள், நன்கொடை எவ்வளவு திரட்டினீர்கள், போட்டோ இருக்கிறதா என்று கேட்டார்கள். புவியியலில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வகுப்பறைச் சுவரில் பிள்ளைகள் வரைந்த எங்கள் ஊர்க் கண்மாய்களின், அதாவது ஏரிகளின், படம் தொங்கியது. அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

அந்தப் படத்தைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக்கோட்டைப் பாடமாக எடுக்கும்போது எங்கள் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நில அமைப்பைக் காட்டும் 1:50,000 அளவு டோப்போ ஷீட்டில் (அரசின் நில அளவை வரைபடத் தாளில்) 20 மீட்டருக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். கொடைக்கானல் பக்கத்துத் தாளை எடுத்தால் கோடுகள் நெருக்கியடித்து நிற்கும். எங்கள் ஊர் தட்டையான பூமி, தாளில் அப்படி ஒரு கோட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். போதாததற்கு, கடலோரப் பகுதி என்பதால் அந்தக் காலத்தில் எங்கள் தாள் பொதுவில் கிடைக்காது. 2005இல் புதிய வரைபடக் கொள்கை வந்த பிறகுதான் பொதுமக்களுக்கென்று தனி வரிசை வந்தது. 2017இல் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளவும் வழி வந்தது. அதுவரை கிராம நிர்வாக அலுவலரிடம் இருந்த கிராம வரைபடத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பென்சிலால் வரைந்ததுதான் எங்கள் தாள்.

அதில் கண்மாய்களை வரையும்போது ஒரு விஷயத்தைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்க விட்டேன். கரைகள் எல்லாம் வளைவாக, பெரும்பாலும் கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருக்கின்றன. வாய் மேற்கைப் பார்த்துத் திறந்திருக்கிறது. ஏன்? தண்ணீர் மேற்கிலிருந்து வருகிறது, அதைத் தடுத்து நிறுத்தக் கிழக்கே கரை போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் நிலம் எந்தப் பக்கம் சரிகிறது? கேள்வியை முடிப்பதற்குள் பின்பெஞ்சிலிருந்து பதில் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத சரிவை நம் முன்னோர் கரையாகவே வரைந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மேல்கண்மாய் நிரம்பினால் உபரி நீர் வழியும் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று கடைசியில் கடலுக்கு. வடிகால், நீர்ப்பிடிப்புப் பகுதி, சரிவு என்று பாடநூலில் தனித்தனியாக இருப்பவை ஒரே படத்தில் வந்துவிடுகின்றன. பிறகு 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று எங்கள் பக்கம் சொல்லும் ராஜசிங்கமங்கலம் கண்மாய்க் கரையில் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால், அதற்கு மேல் நான் பேச வேண்டிய அவசியமே இருக்காது.

ஒரு வருடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் படத்தை எடுத்துக்கொண்டு நேரில் பார்க்கப் போனார்கள். படத்தில் இருந்த ஒரு வரத்துக்கால், அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய், தரையில் இல்லை. முழுக்கச் சீமைக்கருவேலம் மூடியிருந்தது. அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு மாணவியின் அப்பா அந்தப் படத்தையே விரித்துக் காட்டிப் பேசினார். நூறு நாள் வேலையில் கால்வாயைத் தோண்டினார்கள். அந்த ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வந்தது. அந்த மழை எப்படியும் பெய்திருக்கும் என்று வாதம் செய்பவர்கள் இருப்பார்கள். மழை பெய்திருக்கும், சரி. வரத்துக்கால் அடைத்துக் கிடந்தால் தண்ணீர் எப்படிக் கண்மாய்க்கு வந்திருக்கும்? என் பணிக்காலத்தில் எனக்கு இதைவிடப் பெரிய பெருமை கிடையாது. ஆனால் விருதுப் படிவத்தில் இதை எழுத ஒரு கட்டம் இல்லை.

புவியியல் என்றால் தலைநகரமும் விளைபொருளும் மனப்பாடம் செய்வது என்று நினைப்பவர்களுக்கு டில்லி ஸ்மித் என்ற ஆங்கிலேயச் சிறுமியைப் பற்றிச் சொல்வேன். 2004 டிசம்பர் 26 அன்று பத்து வயதுச் சிறுமியாகத் தாய்லாந்தின் புக்கெட்டில் பெற்றோருடன் கடற்கரையில் இருந்தாள். கடல் நுரைத்து வருவதைப் பார்த்து இது சுனாமி என்று கத்தினாள், கரையில் இருந்தவர்கள் தப்பினார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் பள்ளியில் புவியியல் ஆசிரியர் ஆண்ட்ரூ கியர்னி அந்தப் பாடத்தை நடத்தியிருந்தார். எங்கள் பாக் விரிகுடாக் கரைக்கு அன்று இலங்கை மறைவாக நின்றது. நாகப்பட்டினத்துக்கு அந்த மறைவு இல்லை. பள்ளி திறந்ததும் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வியே "டீச்சர், நமக்கு ஏன் வரலை?" என்பதுதான். தனுஷ்கோடியை 1964 புயல் கொண்டுபோன கதையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். உலக வரைபடத்தை விரித்து, அந்தச் சுனாமி கிளம்பிய சுமத்ராவில் விரல் வைத்து அன்று பாடம் தொடங்கினோம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடையில் வாங்கிய சார்ட்டையும் தெர்மோகோல் எரிமலையையும் தயவுசெய்து இணைக்காதீர்கள். எரிமலை செய்வது தவறு என்று சொல்லவில்லை, அது பெரும்பாலும் பெற்றோர் செய்து கொடுப்பது. அந்த ஆசிரியரிடம் படித்த பிள்ளைகளின் நோட்டுகளை வாங்கிப் பாருங்கள். தன் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைத் திசை, அளவை, குறியீட்டோடு வரைந்திருக்கிறார்களா? பாட்டில் மழைமானி வைத்துப் பதிவெடுத்திருக்கிறார்களா? எங்கள் வகுப்பில் அந்தப் பதிவு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏறக்குறைய வெறுமையாகக் கிடந்து, அக்டோபருக்குப் பிறகு நிரம்பும். வடகிழக்குப் பருவமழைக்கு அதைவிட நல்ல கற்பித்தல் பொருள் எனக்குத் தெரியாது, செலவு எதுவுமில்லை. பத்தாம் வகுப்பு மேப் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவர்கள் பட்டியலையும் வையுங்கள், அதிகாரிகள் எதிர்பார்ப்பார்கள். ஆனால் முதல் பக்கத்தில் வைக்க வேண்டாம். பார்வையிட வருகிறவர்களிடம் முன்கூட்டியே பேசி, ஒரு பத்து நிமிடம் பிள்ளைகளோடு பள்ளிக்கு வெளியே நடக்கச் சொல்லுங்கள். இந்தத் தெருத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு பிள்ளையிடம் கேட்டால் போதும்.

இங்கிலாந்தில் 1893இல் தொடங்கிய புவியியல் சங்கம், வகுப்பறையில் பயன்படும் நல்ல புவியியல் நூல்களுக்கும் மற்றக் கற்பித்தல் வளங்களுக்கும் தனியாகவே விருது கொடுக்கிறது. வெளிநாட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதாக எண்ண வேண்டாம். நம் ஆசிரியர்கள் கையால் செய்த பொருட்கள் அவர்கள் ஓய்வு பெறும் நாளில் பரணுக்குப் போய்விடுகின்றன என்பதால் சொல்கிறேன். என் வகுப்புக் கண்மாய்ப் படம் இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்கு வெளியே என்றாலும் பரவாயில்லை. பிளஸ் ஒன் சேர்க்கையில் மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைத் தள்ளிவிடும் இடமாகப் புவியியல் உள்ள குரூப்பைப் பல பள்ளிகளில் வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் அந்த குரூப்பே இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்குச் சிறப்பு வகுப்பு என்றால் முதலில் போவது எங்கள் பீரியட்தான். வரலாறு படித்தவர் புவியியல் எடுப்பதும் சகஜம். அந்த ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம், அவர்களிலும் உழைத்துக் கற்றுக்கொண்டு நன்றாக எடுப்பவர்கள் உண்டு. இப்படிப்பட்ட சூழலில்தான் உங்கள் ஆசிரியர் நின்று நடத்திக்கொண்டிருக்கிறார். ஆகவே பரிந்துரைக் கடிதத்தோடு நிறுத்தாதீர்கள். உங்கள் பள்ளியில் பிளஸ் ஒன்னில் புவியியல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதற்கும் பெற்றோர் கையெழுத்து வாங்கி ஒரு மனு கொடுங்கள். விருது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதில் அவருக்கு நிச்சயம் மகிழ்ச்சி இருக்கும்.