கால்சியம் பேட்டரிக்குத் தண்ணீர் வேண்டாமா?

கேள்வி: எங்கள் வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரிக்கு ஐந்து வயது ஆகிவிட்டது. கரண்ட் போனால் அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. புதுசு வாங்கலாம் என்று போனால், கடைக்காரர் "கால்சியம் பேட்டரி எடுங்க சார், தண்ணியே ஊத்த வேண்டாம்" என்கிறார். பேட்டரிக்குள் கால்சியமா? பாலிலும் சுண்ணாம்பிலும் இருக்கிற அதே கால்சியமா? நம்பி வாங்கலாமா? இன்னொன்று, பழைய பேட்டரியை என் மச்சான் கேட்கிறார், ஈயத்தை உருக்கி மீன் வலைக்குக் குண்டு வார்க்கப் போகிறாராம். கொடுக்கலாமா?

பதில்: மச்சான் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கொடுக்காதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கும் உங்கள் முதல் கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அதே கால்சியம்தான், ஆனால் உப்பாக இல்லாமல் உலோகமாக, அதுவும் ஒரு கிலோ ஈயத்துக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக. இவ்வளவு கொஞ்சம் எதற்கு என்று கேட்டால், பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

சுத்தமான ஈயம் நகத்தால் கீறினாலே கோடு விழுகிற அளவுக்கு மெத்தென்று இருக்கும். பேட்டரி பிளேட்டுக்குள் மருந்துப் பசையை (கரண்டைச் சேமித்து வைக்கிற ஈயச் சேர்மப் பசை) தாங்கிக்கொண்டு கரண்டையும் கடத்துகிற ஒரு சட்டம் உண்டு (டியூபுலரில் பாசிட்டிவ் பக்கம் அது சீப்பின் பல் மாதிரி நிற்கும் கம்பிகள்). அதைச் சுத்த ஈயத்தில் வார்த்தால், தூக்கி வைக்கும்போதே வளைந்துவிடும். 1881-இல் செல்லன் (Sellon) என்ற ஆங்கிலேயர் ஈயத்தோடு ஆன்டிமனியைச் சேர்த்து இதைச் சரி செய்தார். அஞ்சனக்கல் என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதிலிருந்து எடுக்கிற உலோகம்தான் ஆன்டிமனி. ஈயம் தனியாக 327 டிகிரியில் உருகும், 11 சதவீதம் ஆன்டிமனி சேர்த்தால் 252 டிகிரியிலேயே உருகிவிடும். வார்ப்பதற்குச் சுகமான கலவை. பழைய அச்சகங்களில் கோர்த்த எழுத்துகளும் இதே குடும்பம்தான், கூடக் கொஞ்சம் வெள்ளீயம்.

ஆனால் ஈயமும் ஆன்டிமனியும் உருகும்போது ஒன்றாகக் கலக்குமே தவிர, சேர்ந்து ஒரு சேர்மம் ஆவதில்லை. ஆறியதும் ஈயப் படிகம் தனி, ஆன்டிமனிப் படிகம் தனி என்று பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். கால்சியம் அப்படி இல்லை. மூன்று ஈய அணுவுக்கு ஒரு கால்சிய அணு என்று கணக்காகச் சேர்ந்து, தனக்கென்று ஒரு கட்டமைப்போடு புதுப் பொருளாகவே ஆகிவிடும். கால்சியம் எலக்ட்ரானைத் தள்ளிவிடத் துடிக்கிற உலோகம், ஈயம் அதை வாங்கிக்கொள்ளத் தயார், அவ்வளவுதான் அதன் பின்னணி. (சோடியமும் ஈயத்தோடு இப்படிச் சேரும். அந்தச் சோடிய-ஈயக் கூட்டை எத்தில் குளோரைடோடு வினைபுரிய வைத்துத்தான் ஒரு காலத்தில் பெட்ரோலில் கலந்த டெட்ரா எத்தில் ஈயத்தைத் தயாரித்தார்கள். 2000-இல் நம் நாட்டு பெட்ரோல் பங்க்குகளில் ஈயமில்லாத பெட்ரோல் மட்டும் என்று ஆகிவிட்டது, நல்லவேளை.)

கணக்குப் போட்டால் சுவாரசியமாக இருக்கும். அந்தச் சேர்மத்தின் எடையில் கால்சியம் சுமார் 6 சதவீதம்தான், மீதியெல்லாம் ஈயம். அதனால் ஒரு கிலோ ஈயத்தில் 0.7 கிராம் கால்சியம் போட்டால் சுமார் 11 கிராம் சேர்மம் கிடைக்கும். இது ஒரே கட்டியாக வராது, கண்ணுக்குத் தெரியாத பொடித் துணுக்குகளாக ஈயத்துக்குள் எல்லா இடத்திலும் முளைக்கும். உலோகம் வளைவது என்றால் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது. வழியில் இந்தத் துணுக்குகள் குறுக்கே நின்றால் வழுக்கல் தடைபட்டு ஈயம் விறைத்துக்கொள்ளும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், இது வார்த்த உடனே நடப்பதில்லை. சூடாக இருக்கும்போது ஈயத்தில் 0.1 சதவீதம் வரை கரைகிற கால்சியம், அறை வெப்பத்தில் அதில் பத்தில் ஒரு பங்குதான் கரையும். மீதி மெல்ல மெல்ல வெளியே வந்து துணுக்காகும். அதனால்தான் வார்த்த சட்டங்களைச் சில நாள் சும்மா அடுக்கி வைத்து, கெட்டியான பிறகு பசை பூசுகிறார்கள்.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். பாசிட்டிவ் சட்டம் ஆசிட்டில் மெதுவாக அரித்துக்கொண்டேதான் இருக்கும், எந்த பேட்டரியாக இருந்தாலும். அப்படி அரிக்கும்போது ஆன்டிமனி கரைந்து, நீந்தி, நெகட்டிவ் பிளேட்டுக்குப் போய் அங்கே உலோகமாகப் படிந்துவிடும். சுத்த ஈயத்தின் மேல் ஹைட்ரஜன் வாயு சுலபத்தில் கிளம்பாது, ஆன்டிமனி படிந்த இடத்தில் சுலபமாகக் கிளம்பும். நீங்கள் சார்ஜுக்குக் கொடுக்கிற கரண்டில் ஒரு பங்கு தண்ணீரை உடைப்பதற்கே போய்விடும், தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகக் குமிழி விட்டு மூடி வழியாக வெளியேறும். பேட்டரிக்கு வயசாக ஆக இந்தப் படிவு கூடிக்கொண்டே போகும். கடைசி ஒரு வருஷத்தில் முன்னைவிட அடிக்கடி தண்ணீர் ஊற்றினீர்களா என்று யோசித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஆமாம் என்றுதான் சொல்வீர்கள்.

கால்சியமும் அரிப்பில் வெளியே வரத்தான் செய்கிறது. ஆனால் எலக்ட்ரானை விடத் துடிக்கிற அதே குணத்தால், தண்ணீருக்குள் அது ஒருபோதும் திரும்ப உலோகமாகப் படியாது. கொஞ்சம் கால்சியம் சல்பேட்டாக, அதாவது ஜிப்சம் வகையறாவாக, ஆசிட்டோடு கிடந்துவிட்டுப் போகும். நெகட்டிவ் பிளேட் சுத்தமாகவே இருக்கும், தண்ணீர் செலவும் மிகக் குறைவு. 1935-இலேயே பெல் டெலிபோன் ஆய்வகத்தில் ஹேரிங், தாமஸ் என்ற இரண்டு பேர் இதை அளந்து காட்டிவிட்டார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பேட்டரி நாள் முழுக்கச் சார்ஜிலேயே நிற்கும், எப்போதாவதுதான் வேலை செய்யும். அந்த வேலைக்கு இதுதான் பொருத்தம்.

உங்கள் வீட்டு பேட்டரி அப்படியா நிற்கிறது? வாங்கும் முன் பார்க்க வேண்டியது இதைத்தான். தினம் இரண்டு மணி நேரம் கரண்ட் போய், பேட்டரி அடிமட்டம் வரை இறங்கி ஏறுகிற ஊராக இருந்தால், கால்சியம் சட்டத்துக்கும் பசைக்கும் நடுவே கரண்டைக் கடத்தாத ஈய ஆக்சைடுத் திரை ஒன்று வளரும். மருந்து நன்றாக இருந்தும் பேக்கப் படுத்துவிடும். ஆன்டிமனி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, அது பசையையும் சட்டத்தையும் பிடித்து வைக்கும். கால்சியத்தோடு ஒரு சதவீதம் போல வெள்ளீயம் சேர்த்தால் திரை பெருமளவு அடங்கும், நல்ல கம்பெனிகள் சேர்க்கவும் செய்கின்றன, ஆனால் லேபிளைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் என் கருத்து இதுதான். அடிக்கடி, நீண்ட நேரம் கரண்ட் போகிற இடம் என்றால் மறுபடியும் ஆன்டிமனி போட்ட டியூபுலரே வாங்குங்கள். இப்போது வருகிறவற்றில் ஆன்டிமனி அந்தக் காலத்து அளவு கிடையாது, இரண்டு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், சில மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் போதும். ஆர்ஓ தண்ணீர், மழைத் தண்ணீர் வேண்டாம், ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள், தண்ணீர்தான் போகிறது, ஆசிட் உள்ளேதான் இருக்கிறது. மாதத்தில் ஓரிரு முறை, பத்துப் பதினைந்து நிமிஷம் மட்டும் கரண்ட் போகிற வீடு, அல்லது தண்ணீர் பார்க்க ஆள் இல்லாத வீடு என்றால் கால்சியம் போட்ட சீல்டு பேட்டரி வாங்கலாம். எதை வாங்கினாலும் இன்வெர்ட்டரில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து மாற்றி வையுங்கள். டியூபுலருக்கான சார்ஜில் சீல்டு பேட்டரியை விட்டால், போன தண்ணீரைத் திரும்ப ஊற்ற அதில் வழியே இல்லை.

இப்போது மச்சான். ஈயப் புகையும் தூசியும் விஷம், முக்கியமாகக் குழந்தைகளுக்கு. அது பலருக்குத் தெரியும். தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. சில பேட்டரிகளில் பாசிட்டிவ் பக்கம் ஆன்டிமனி, கூடவே துளி ஆர்சனிக், நெகட்டிவ் பக்கம் கால்சியம். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு உருக்கினால், கால்சியம் ஈயத்தை விட்டுவிட்டு ஆன்டிமனியையும் ஆர்சனிக்கையும் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் அவற்றோடு பிணைப்பு இன்னும் பலம். அந்தச் சேர்மங்கள் மேலே கசடாக மிதக்கும். வழித்து ஓரமாகக் கொட்டிய கசடில் ஈரமோ மழையோ பட்டால் ஆன்டிமனியிலிருந்து ஸ்டிபைன், ஆர்சனிக்கிலிருந்து ஆர்சைன் என்ற விஷ வாயுக்கள் கிளம்பும். ஆர்சைன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சுவாசித்த உடனே ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் உடம்பு காட்டும். பெரிய உருக்காலைகளிலேயே இந்தக் கசடை ஈரம் படாமல் காப்பார்கள், கொல்லைப்புறத்தில் விறகு அடுப்பும் இரும்புச் சட்டியும் வைத்துச் செய்கிற வேலை இல்லை இது.

பழைய பேட்டரியைப் பிரிக்காமல், ஆசிட்டைக் கீழே கொட்டாமல், அப்படியே கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுங்கள். எடை போட்டுப் புதுசின் விலையில் கழிப்பார்கள், 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது மறுசுழற்சிக்குப் போக வேண்டும். கழிகிற பணத்தில் மச்சானுக்கு வலைக்கடையில் ரெடிமேட் குண்டே வாங்கிக் கொடுத்துவிடலாம்.