வடசென்னையில் கண்டெய்னர் லாரி ஓட்ட ஹெவி லைசென்ஸ் எடுப்பது எப்படி?

கேள்வி கேட்ட தம்பிக்கு வயது 19, வீடு வியாசர்பாடி, கார் லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம் ஆகிறது. மாமாவோடு கண்டெய்னர் வண்டியில் போய் வந்ததில் ஆசை பிடித்துவிட்டது, உடனே ஹெவி போட யாரைப் பார்க்கணும் என்று கேட்கிறார். இப்போதைக்கு யாரையும் பார்க்க வேண்டாம் தம்பி. மோட்டார் வாகனச் சட்டப்படி சரக்கு, பயணிகள் வண்டிகளை ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். கார் லைசென்ஸ் கைக்கு வந்து முழுசாக ஒரு வருஷமும் ஆகியிருக்க வேண்டும். எல்.எல்.ஆர். போட்ட தேதியிலிருந்து அந்த வருஷத்தை எண்ணக் கூடாது. இரண்டும் முடியாமல் ஹெவிக்கு எல்.எல்.ஆரே போட முடியாது. "நான் முடிச்சித் தரேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய்யான தேதியில்தான் முடிப்பார், நாளைக்கு மாட்டுவது நீங்கள்.

நான் பல வருஷம் ட்ரெய்லர் ஓட்டியவன். இப்போது மணலி பக்கம் ஒரு டிரான்ஸ்போர்ட்டில் டிரைவர்களை வேலைக்கு எடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் எந்த வண்டி ஓட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். சின்ன யானை, தோஸ்த் மாதிரி குட்டி வண்டியில் லோடு அடிக்கத்தான் எண்ணம் என்றால், அந்த 20 வயது நிறைந்ததும் உங்கள் கார் லைசென்ஸே போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குத் தனி பேட்ஜ், அதாவது வாடகை வண்டி ஓட்ட லைசென்ஸில் பதியும் தனி அனுமதி, வேண்டாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. இது தெரியாமல் இன்றும் எத்தனையோ பிள்ளைகள் குட்டி வண்டிக்கு பேட்ஜ் வேண்டும் என்று புரோக்கரிடம் பணம் கட்டுகிறார்கள், கேட்கும்போதே வயிறு எரிகிறது. 7,500 கிலோவைத் தாண்டும் டிப்பர், லாரி, ட்ரெய்லர், பஸ் ஆகியவற்றுக்குத்தான் நீங்கள் கேட்கும் ஹெவி தேவை.

தகுதி வந்த பிறகு வழி நேரானதுதான். பரிவாகன் சாரதி தளத்தில் விண்ணப்பம் போடலாம். டாக்டர் கையெழுத்திட்ட மருத்துவச் சான்று, அதாவது ஃபார்ம் 1ஏ வேண்டும். கண் பார்வையை உண்மையாகவே சோதித்துக்கொள்ளுங்கள், ராத்திரி வண்டிக்கு அதுதான் முதல் மூலதனம். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், முப்பது நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். மத்திய விதிப்படி எல்.எல்.ஆருக்கு ஒரு வகைக்கு 150 ரூபாய், டெஸ்டுக்கு 300, இருக்கிற லைசென்ஸில் புது வகை சேர்க்க 500. அதன்மேல் சேவைக் கட்டணம் கொஞ்சம் வரும். எட்டாம் வகுப்பு பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்று முன்பு இருந்த விதியை 2019-இல் எடுத்துவிட்டார்கள்.

விஷயமே ஃபார்ம் 5-இல்தான் இருக்கிறது. அது டிரைவிங் ஸ்கூல் தரும் பயிற்சிச் சான்றிதழ். கார் லைசென்ஸுக்கு நேராகப் போய் டெஸ்ட் கொடுக்கலாம், ஹெவிக்கு இந்தத் தாள் இல்லாமல் ஆகாது. ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் நேரம் மட்டுமே 15 மணிக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆனால் நடப்பது என்ன? "தம்பி, நீ வண்டியத் தொடவே வேணாம், டெஸ்ட் அன்னிக்கு வந்து உக்காந்தா போதும்" என்று சொல்லி ஃபார்ம் 5-ஐ நீட்டுகிற ஆட்கள் உண்டு. ஒரு ரவுண்டு ஓட்டக் கொடுத்து, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் உட்கார வைத்து, கையில் லைசென்ஸ் வந்துவிடும். அந்த லைசென்ஸோடு வருபவனை நான் யார்டிலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

எப்படி என்று சொல்கிறேன். காலையில் சாவியைக் கொடுத்து வண்டியை எடுக்கச் சொல்வேன். ஒழுங்காகக் கற்றவன் ஏறுவதற்கு முன் ஒரு சுற்று சுற்றி வருவான். டயரைப் பார்ப்பான், கண்டெய்னரை வண்டியோடு பூட்டிப் பிடிக்கும் ட்விஸ்ட் லாக் நாலு மூலையிலும் போட்டிருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்ப்பான். அது ஒன்று திறந்திருந்தால் வளைவில் பெட்டி மட்டும் தனியாகச் சாயும். பிறகு ஏறி ஸ்டார்ட் செய்துவிட்டு ஏர் மீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். நிறுத்தி வைத்த லாரியில் பின் சக்கர பிரேக்கைப் பிடித்திருப்பது ஸ்பிரிங், அதை விடுவிப்பது காற்று. டாங்கியில் காற்று ஏறாமல் வண்டி அசையக் கூடாது. காகிதத்தில் கற்றவன் ஸ்டார்ட் ஆனதும் கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை மிதிப்பான். வண்டி முக்கும், நகராது. "அண்ணா, ஏதோ ஜாம் ஆயிருக்கு" என்று என்னைப் பார்ப்பான். அவனிடம் நாற்பது அடி கண்டெய்னரைக் கொடுத்து எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏற்றச் சொல்ல எனக்கு மனசு வராது. பாதி ஏற்றத்தில் லோடோடு நின்று, பின்னால் ஒரு அடிகூட உருளாமல் எடுக்க வேண்டிய இடம் அது. பின்னால் ஒட்டி நிற்பது குழந்தைகள் ஏறிய ஆட்டோவாக இருக்கும்.

இடது பக்கத் திருப்பம் இன்னும் முக்கியம். ட்ரெய்லரின் பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். எம்.எஃப்.எல். சந்திப்பு மாதிரி இடத்தில் இடது பக்கம் திரும்பும்போது அந்த இடுக்கில்தான் டூ வீலர்காரர்கள் புகுந்து நிற்பார்கள், கேபினிலிருந்து பார்த்தால் அவர்கள் தலைகூடத் தெரியாது. எங்கள் பகுதியில் கண்டெய்னர் லாரியில் சிக்கி உயிர் போன சேதி புதிதல்ல. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற நம் தெரு ஆட்கள்தான் அவர்கள். அதனால்தான் அந்த 15 மணி நேரத்தை ஒரு நிமிஷம் குறையாமல் கேட்டு வாங்குங்கள் என்கிறேன். லோடு உள்ள வண்டியில் ரிவர்ஸ், ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது, கண்ணாடி பார்த்துத் திருப்புவது, இந்த மூன்றும் கைக்கு வரும்வரை டெஸ்டுக்குத் தேதி வாங்காதீர்கள். ஃபெயில் ஆனாலும் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம், அதற்காகக் கூச்சப்பட வேண்டாம்.

எங்கே கற்பது? தமிழக அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம், அதாவது ஐ.ஆர்.டி., கும்மிடிப்பூண்டியில் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சி மையம் நடத்துகிறது. உங்களுக்குக் கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்தால் போதும். முதலில் அங்கே நேரில் போய் அடுத்த வகுப்பு எப்போது என்று கேளுங்கள். தனியார் பள்ளி என்றால் சொந்தமாக ஹெவி வண்டி வைத்திருக்கிறார்களா, அதை உங்கள் கையில் தருவார்களா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 2021-இல் வந்த விதிப்படி அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் ஹெவிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரப் பாடம். அங்கே தேறியவர்களுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓட்டிக் காட்டும் டெஸ்டிலிருந்து விலக்கு உண்டு.

மணலி, தண்டையார்பேட்டை என்றால் டேங்கர் வேலையும் கண்ணில் படும். பெட்ரோல், கேஸ், ஆசிட் ஏற்றும் வண்டிக்கு ஹெவி மட்டும் போதாது, அபாயகரமான சரக்குக்கான மூன்று நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிய வேண்டும். அதற்கு ஒரு இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி கேட்கிறது. டேங்கரின் பலகையில் 1203 என்று இருந்தால் உள்ளே பெட்ரோல். கசிவு வந்தால் என்ன செய்வது என்று எழுதிய அட்டை கேபினில் இருக்கும். தீயணைப்பு வண்டி வரும்வரை அதைப் படித்து நடக்க வேண்டியவர் டிரைவர்தான்.

அரசு பஸ் ஆசை இருந்தால் கண்டக்டர் லைசென்ஸையும் சேர்த்து எடுத்து வையுங்கள், இப்போதெல்லாம் இரண்டையும் கேட்கிறார்கள்.

ஹெவி லைசென்ஸ் ஐந்து வருஷம் செல்லும், அபாயகரமான சரக்குப் பதிவு மூன்று வருஷம். காலாவதி ஆகி ஒரு வருஷம் தாண்டிவிட்டால் திரும்ப டெஸ்ட் கொடுக்க வேண்டி வரும். இடையில் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் புரட்டுவது அந்தத் தேதியைத்தான்.

வயது ஆகும்வரை மாமாவோடு கிளீனராகப் போய் வாருங்கள். ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் இறங்கி நின்று கை காட்டுங்கள், டயரில் காற்று பாருங்கள், சரக்கு பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள், துறைமுகத்துக்குள் நுழைய என்னென்ன பாஸ் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். பேட்டா எவ்வளவு, டீசல் கணக்கை யார் பார்ப்பது, மாசத்தில் எத்தனை ராத்திரி வீட்டில் தூங்க முடிகிறது என்பதையும் மாமாவிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.