கற்பனை உலக வரைபடத்தில் மழை மறைவை எங்கே வைப்பது?

ஈரக்காற்று மலையின் ஒரு பக்கத்தில் மழையைக் கொட்டிவிட, மறுபக்கம் வறண்டு கிடப்பதே மழை மறைவு.

எங்கள் பர்மாவே இதற்கு நல்ல மாதிரி. ஆடி மாதம் யாங்கோனில் துவைத்த கைலி காயாது. பஸ் ஏறி நாட்டின் நடுவே இருக்கும் பாகான் போனால் புழுதியும் பனைமரமும்தான். தென்மேற்குப் பருவக்காற்று அரக்கான் மலைத்தொடரில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும் காற்று குளிரும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது. கடலோரச் சிட்வேயில் ஆண்டுக்கு 4,000 மி.மீ.க்கு மேல் மழை. மலை தாண்டி இறங்கும் காற்று மறுபடி சூடாவதால் பாகானில் 1,000 மி.மீ.கூட இல்லை. முதல் பந்தியிலேயே பாயசம் தீர்ந்தால் கடைசிப் பந்திக்கு வாளிதானே வரும்!

ஆகவே மலையை வரைந்ததும் காற்றுக்கு அம்புக்குறி போடுங்கள்; அம்பு மலையைத் தாண்டிப் போகும் பக்கமே மழை மறைவு. பூமி போலச் சுழலும் கோளில், நிலநடுக்கோட்டிலிருந்து 30 பாகை வரை பெரும்பாலும் கிழக்கிலிருந்தும், 30 முதல் 60 வரை மேற்கிலிருந்தும் வீசும். (பருவக்காற்று இதை மீறும், பர்மாவே சாட்சி.)

ஆறு ஓடினால் அங்கே மழையும் உண்டு என்று பச்சை அடித்துவிடாதீர்கள்: பாகானை ஒட்டியே ஐராவதி ஓடுகிறது, ஆனால் அந்தத் தண்ணீர் வடக்கு மலைகளிலிருந்து வருவது.