பெருவெடிப்புக் கொள்கை ஆட்டம் கண்டுவிட்டதா?

கேள்வி: பிரபஞ்சம் தோன்றிய சிறிது காலத்திலேயே, இருக்கக்கூடாத அளவு நிறைமிக்க விண்மீன் மண்டலங்கள் உருவாகியிருந்ததை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டுபிடித்ததாகவும், அதனால் பெருவெடிப்புக் கொள்கை பொய்த்துவிட்டதாகவும் சொல்கிறார்களே?
– கல்லூரி மாணவி ஒருவர், காட்பாடி

பதில்: பொய்க்கவில்லை, ஆனால் இந்தச் சந்தேகம் வெறும் வதந்தியில் பிறந்ததும் அன்று. 2023 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு, பெருவெடிப்புக்குப் பின் 50 முதல் 70 கோடி ஆண்டுகளுக்குள் உருவானவையாகத் தோன்றும் ஆறு மண்டலங்களைக் காட்டியது. அவற்றுள் ஒன்றின் நிறை பத்தாயிரம் கோடிச் சூரியன்களுக்கு நிகராக மதிப்பிடப்பட்டது. பிரபஞ்சத்திலுள்ள பொருளில் சாதாரண அணுக்கள் சுமார் 16 சதவீதமே, எஞ்சியது ஒளி வீசாமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் இருண்ட பொருள் என்பதாலும், அந்த இருண்ட பொருள் எவ்வளவு வேகமாகத் திரளும் என்பதைக் கணக்கிட முடியும் என்பதாலும், ஒரு மண்டலத்தில் சேரக்கூடிய விண்மீன்களுக்கு உச்சவரம்பு உண்டு. அந்த மதிப்பீடு சரியென்றால், கிடைத்த வாயு ஏறத்தாழ முழுவதும் விண்மீன்களாகியிருக்க வேண்டும். இன்றைய மண்டலங்களிலோ ஐந்தில் ஒரு பங்கு ஆவதே அரிது.

சிக்கல் எங்கே என்றால், யாரும் அவற்றை எடைபோடவில்லை. ஒளியிலிருந்து நிறையை ஊகித்தார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து இரவில் ஏலகிரியைப் பார்த்து, வெளிச்சத்தைக் கொண்டு வீடுகளை எண்ணுபவர், ஒரே ஒரு பெரிய விளக்கை ஒரு தெருவாகவே கணக்கிட்டுவிடலாம் அல்லவா? அத்தகைய விளக்கு இங்கே கருந்துளை. அதைச் சுற்றிச் சுழலும் வாயு கொதித்து வீசும் ஒளியும் விண்மீன்களின் கணக்கில் சேர்ந்துவிட்டது. அந்த ஆறில் ஒன்று, அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையை எடுத்துப் பார்த்தபோது, முதலில் எண்ணியதைவிட அருகில் இருக்கும் கருந்துளை மண்டலம் என்று தெரியவந்தது. வேறொரு மண்டலம், பெருவெடிப்புக்குப் பின் 25 கோடி ஆண்டுகளில் இருந்ததாகப் பேசப்பட்டு, நிறமாலைக்குப் பின் சுமார் 120 கோடி ஆண்டுகளுக்குத் தள்ளப்பட்டது. தூரத்தை உறுதி செய்வது நிறமாலைதான். (தங்கள் பகுதியின் ஜவ்வாது மலையில், காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியிலும் நிறமாலைப் பதிவு முக்கியப் பணியே. ஆயினும் இவ்வளவு மங்கலான பொருள்கள் அதன் பார்வைக்கு எட்டா.)

கருந்துளை ஒளி கலந்தவற்றை நீக்கிவிட்டு 2024இல் செய்த ஆய்வில் எஞ்சிய மண்டலங்கள் எவையும் அந்த உச்சவரம்பை மீறவில்லை. இருந்தும் அவற்றின் எண்ணிக்கை எதிர்பார்த்த எண்ணிக்கைக்கு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகளுக்குள்ளேயே பிரகாசித்த ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 மண்டலத்தில் ஆக்சிஜனும் இருப்பது 2025இல் உறுதியானது. ஆக்சிஜன் விண்மீன்களுக்குள்தான் உருவாகும் என்பதால், அதற்கு முன்பே ஒரு தலைமுறை விண்மீன்கள் பிறந்து மடிந்திருக்க வேண்டும். ஆகவே விடை தேட வேண்டியது, அடர்ந்த வாயு அக்காலத்தில் எப்படி இவ்வளவு விரைவாக விண்மீன்களாயிற்று என்பதற்குத்தான் என்பது என் கருத்து.